ஃபயர்வால் எப்படிக் காப்பாற்றுகிறது? ஒரு துணிக்கடைக்கான விரிவான பதில்

சிங்கப்பூரில் சிராங்கூன் சாலைப் பக்கம் துணிக்கடை வைத்திருக்கும் அக்கா ஒருவர் கேட்டிருக்கிறார். கடையில் பில் போட இரண்டு கணினி, மாடியில் கணக்கு எழுத ஒன்று, எட்டு கேமரா, வாடிக்கையாளர்களுக்கு இலவச வைஃபை. "ரவுட்டரிலேயே ஃபயர்வால் இருக்கிறது என்கிறார்கள். விண்டோஸிலும் இருக்கிறதாம். இப்போது ஒருவர் வந்து 3,000 வெள்ளிக்குத் தனியாக ஒரு பெட்டி வாங்கச் சொல்கிறார். இதெல்லாம் உண்மையில் எப்படிக் காப்பாற்றுகிறது? இவ்வளவு சுவர் இருந்தும் பெரிய பெரிய இடமெல்லாம் எப்படி ஹேக் ஆகிறது?"

அக்கா, முக்கியமான பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஃபயர்வால் என்றால் யார் யாரோடு பேசலாம் என்று எழுதிவைத்த ஒரு பட்டியல். போகிற வருகிற ஒவ்வொரு தரவுத் துண்டையும் அந்தப் பட்டியலோடு ஒப்பிட்டு, விடு அல்லது தடு என்று முடிவெடுக்கும் வேலையைத்தான் அந்தப் பெட்டி செய்கிறது. பட்டியல் ஒழுங்காக இருந்தால் சில நூறு வெள்ளிப் பெட்டியே உங்கள் கடைக்குப் போதும். பட்டியலில் ஓட்டை இருந்தால் 3,000 வெள்ளிப் பெட்டியும் காப்பாற்றாது. நான் இருபது வருடமாக இங்கே நெட்வொர்க் வேலை பார்க்கிறேன். பெட்டி பழுதாகி உள்ளே புகுந்த திருடனைவிட, யாரோ அவசரத்துக்கு எழுதிவிட்டு மறந்துபோன ஒரு வரி வழியாக உள்ளே வந்தவனைத்தான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

சரி, அது எப்படி வேலை செய்கிறது என்று பார்ப்போம். இணையத்தில் எதுவும் முழுதாகப் போவதில்லை. நீங்கள் அனுப்பும் ஒரு படம், ஒரு பில், ஒரு மின்னஞ்சல் எல்லாம் சின்னச் சின்னத் துண்டுகளாக வெட்டப்பட்டுப் போகும். அந்தத் துண்டுக்குப் பாக்கெட் என்று பெயர். ஒவ்வொரு பாக்கெட்டின் மேலும் கடித உறை மாதிரி விலாசம் இருக்கும்: எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது. நம் ஊர் விலாசத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். ஆறு இலக்க அஞ்சல் குறியீட்டைச் சொன்னால் எந்த புளோக் என்று தெரிந்துவிடும். ஆனால் எந்த வீட்டுக் கதவைத் தட்டுவது என்று தெரிய யூனிட் எண் வேண்டும். ஐபி முகவரி புளோக் மாதிரி. போர்ட் எண் யூனிட் மாதிரி. ஒரு கணினிக்கு 65,535 வரை போர்ட் எண்கள் உண்டு. இணையப் பக்கங்கள் பெரும்பாலும் 443இல், மின்னஞ்சல் சர்வர்கள் ஒன்றோடொன்று பேசுவது 25இல், விண்டோஸ் கோப்புப் பகிர்வு 445இல், வெளியில் இருந்து கணினித் திரையை இயக்கும் ரிமோட் டெஸ்க்டாப் 3389இல். கதவுக்குப் பின்னால் கேட்டுக்கொண்டிருக்கும் மென்பொருள் இருந்தால்தான் கதவு திறக்கும். அந்த மென்பொருளில் ஒரு பிழை இருந்துவிட்டால், தட்டத் தெரிந்த எவனும் உள்ளே வரலாம்.

முதலில் வந்த ஃபயர்வால்கள் உறையின் மேலே எழுதியிருப்பதை மட்டும் படித்தன. 1980களின் கடைசியில் டிஜிட்டல் எக்விப்மென்ட் கார்ப்பரேஷனில் இருந்த பொறியாளர்கள் இந்த மாதிரி வடிகட்டிகளைச் செய்துகொண்டிருந்தார்கள். அதுவரை இணையம் ஒருவரையொருவர் நம்பும் ஆய்வாளர்களின் உலகம். 1988 நவம்பர் 2ஆம் தேதி ராபர்ட் மோரிஸ் என்ற மாணவர் எழுதிய ஒரு புழு நிரல் அந்த நம்பிக்கையை உடைத்தது. அப்போது இணையத்தில் இருந்த சுமார் 60,000 கணினிகளில் ஏறக்குறைய 6,000 பாதிக்கப்பட்டதாக மதிப்பிட்டார்கள். அதற்குப் பிறகு, நம் வலையமைப்புக்கும் வெளியுலகத்துக்கும் நடுவில் ஏதாவது நின்றே ஆக வேண்டும் என்பதில் யாருக்கும் சந்தேகம் இருக்கவில்லை.

ஆனால் உறையை மட்டும் பார்க்கும் முறையில் ஒரு பெரிய சிக்கல் உண்டு. உங்கள் மாடிக் கணினியில் சப்ளையரின் இணையதளத்தைத் திறக்கிறீர்கள். உங்கள் கணினி 52144 மாதிரி ஏதோ ஒரு தற்காலிக போர்ட்டில் இருந்து அந்தத் தளத்தின் 443ஐத் தட்டுகிறது. பதில் அந்த 52144க்குத்தான் திரும்பி வர வேண்டும். அடுத்த முறை அது 49877 ஆக இருக்கும். எந்த எண் வரும் என்று முன்கூட்டியே தெரியாது. அதனால் பழைய வடிகட்டிகளில் 1023க்கு மேலே இருக்கும் போர்ட்களையெல்லாம் பதில்களுக்காகப் பெரும்பாலும் திறந்தே வைக்க வேண்டியிருந்தது. முன்கதவைப் பூட்டிவிட்டு ஜன்னல் அத்தனையும் திறந்து வைத்த கதை.

இதைத் தீர்த்தது நினைவாற்றல். 1994இல் செக் பாயிண்ட் என்ற இஸ்ரேலிய நிறுவனம் கொண்டுவந்த ஃபயர்வால் இந்த முறையைப் பரவலாக்கியது. உள்ளிருந்து ஒரு இணைப்பு கிளம்பும்போது ஃபயர்வால் அதைத் தன் அட்டவணையில் குறித்துக்கொள்கிறது: இந்தக் கணினி, இந்த போர்ட், இந்தத் தளம், இத்தனை மணிக்கு. பதில் வந்தால் அட்டவணையில் தேடுகிறது. இருந்தால் விடுகிறது, இல்லாவிட்டால் அங்கேயே தூக்கி எறிந்துவிடுகிறது. பேச்சு முடிந்ததும் அந்த வரியை அழித்துவிடுகிறது. கொஞ்ச நேரம் யாரும் பேசாவிட்டாலும் அழித்துவிடும்.

டிசிபி என்ற வழக்கமான இணைப்பில் பேச்சு தொடங்குவதற்கே ஒரு முறை உண்டு. முதலில் இங்கிருந்து "பேசலாமா" என்று ஒரு பாக்கெட், அங்கிருந்து "பேசலாம், நீயும் தயாரா" என்று ஒன்று, மறுபடி இங்கிருந்து "தயார்" என்று ஒன்று. இந்த மூன்றும் வரிசையாக நடக்கிறதா என்று ஃபயர்வால் பார்க்கிறது. நடுவில் திடீரென்று "தயார்" என்று மட்டும் வெளியிலிருந்து ஒரு பாக்கெட் வந்தால், யாரோ நடிக்கிறான் என்று அதற்குத் தெரியும். நான் நெட்வொர்க் படித்த காலத்தில் எனக்கு ரொம்பப் பிடித்த பாடம் இதுதான். இவ்வளவு எளிமையான ஒரு ஞாபகம் இத்தனை தாக்குதலை நிறுத்துகிறதே என்று வியந்திருக்கிறேன். இன்றைக்கும் எல்லா ஃபயர்வாலுக்கும் அடித்தளம் இதுதான்.

உங்கள் ரவுட்டரில் இருப்பதும் கிட்டத்தட்ட இதேதான். இணைய நிறுவனம் உங்கள் கடைக்குப் பெரும்பாலும் ஒரே ஒரு பொது முகவரியைத்தான் தருகிறது. உள்ளே இருக்கும் கணினி, கேமரா, கைத்தொலைபேசி எல்லாம் 192.168 என்று தொடங்கும் உள்முகவரிகளில் இருக்கின்றன. ரவுட்டர் எல்லோருக்கும் சேர்த்து அந்த ஒரே பொது முகவரியில் வெளியே பேசுகிறது. பதில் வந்தால் யாருக்கு என்று பார்த்துப் பிரித்துக் கொடுக்கிறது. யாரும் கேட்காமல் வெளியில் இருந்து வருவதை யாரிடம் கொடுப்பது என்று அதற்குத் தெரியாது. அதனால் அது கீழே விழுந்துவிடுகிறது. முகவரிப் பற்றாக்குறைக்காக வந்த ஏற்பாடு இது. பாதுகாப்பு கூடவே வந்த பலன். ஐபிவி6 என்ற புதிய வகை முகவரிகளில் ஒவ்வொரு கருவிக்கும் சொந்தப் பொது முகவரியே கிடைத்துவிடும் என்பதால் இந்தத் தற்செயல் காவல் அங்கே இருக்காது. ரவுட்டரில் ஐபிவி6 ஃபயர்வால் தனியாக இயக்கத்தில் இருக்கிறதா என்று ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

வெளியில் இருந்து தட்டுகிறவர்கள் எத்தனை பேர் என்று கண்ணால் பார்த்தால்தான் நம்புவீர்கள். ஜூரோங் பக்கம் ஒரு சின்ன அலுவலகத்தில் ஒரு நாள் இரவு ஒன்பதரை மணிக்குப் புதுப் பெட்டியை இணைத்துவிட்டு, நடப்பதையெல்லாம் பதிவுசெய்யும் லாக் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு அமர்ந்திருந்தேன். அந்த அலுவலகத்தின் பெயர்கூட இணையத்தில் எங்கும் இல்லை. முதல் நிமிடத்திலேயே ஒரு வரி விழுந்தது: 23ஆம் போர்ட், தடுக்கப்பட்டது. அப்புறம் 22. இரண்டுமே தூரத்தில் இருந்து கருவிக்குள் நுழையப் பயன்படும் கதவுகள். அப்புறம் 3389, அதுவும் மூன்று வேறு வேறு முகவரிகளில் இருந்து. அப்புறம் மறுபடி 23, அப்புறம் 445. பையில் இருந்த மீ கோரெங் பொட்டலத்தை எடுத்துச் சாப்பிட்டு முடிப்பதற்குள் திரை மூன்று முறை நிரம்பிவிட்டது. அலுவலக முதலாளி பக்கத்தில் வந்து நின்று, "நம்மை யார் இப்படிக் குறி வைக்கிறார்கள்?" என்று கேட்டார். யாரும் வைக்கவில்லை. உலகத்தில் இருக்கும் எல்லா முகவரிகளையும் வரிசையாகத் தட்டிப் பார்க்கும் நிரல்கள் இரவு பகலாக ஓடிக்கொண்டே இருக்கின்றன. சின்னக் கடை, நம்மிடம் என்ன இருக்கிறது என்று நினைப்பவர்களுக்கு நான் இந்த லாக்கைத்தான் காட்டுவேன்.

இனி, உங்கள் எட்டு கேமராவுக்கு வருகிறேன். எனக்கு உண்மையான கவலை அங்கேதான்.

சில வருடங்களுக்கு முன்னால் ஒரு மளிகைக்கடைக்காரர் காலை ஏழு மணிக்குத் தொலைபேசியில் அழைத்தார். பில் கணினியைத் திறந்தால் எல்லாக் கோப்பின் பெயரும் மாறியிருக்கிறது, பணம் கேட்டு ஒரு அறிவிப்பு வந்திருக்கிறது என்றார். போய்ப் பார்த்தேன். ரவுட்டர் நல்ல ரவுட்டர். ஃபயர்வால் இயக்கத்தில்தான் இருந்தது. ஆனால் கேமரா மாட்டியவர், முதலாளி ஊருக்குப் போனாலும் சென்னையில் இருந்து கடையைப் பார்க்கட்டும் என்று ரவுட்டரில் ஒரு போர்ட் ஃபார்வர்டிங் விதி எழுதியிருந்தார். வெளியில் இருந்து 8000ஐத் தட்டினால் நேராகக் கேமரா பதிவுப் பெட்டிக்குப் போகும். அந்தப் பதிவுப் பெட்டியின் கடவுச்சொல் தொழிற்சாலையில் வைத்த அதே 12345. அதைத் தொட்டவன் உள்ளே நுழைந்துவிட்டான். பதிவுப் பெட்டியும் பில் கணினியும் ஒரே நெட்வொர்க் சுவிட்சில், ஒரே வலையமைப்பில். அங்கிருந்து பில் கணினிக்கு அவன் எந்தச் சுவரையும் தாண்ட வேண்டியிருக்கவில்லை. பேக்கப் வைத்திருந்த வெளி ஹார்ட் டிஸ்க்கும் அதே கணினியில் செருகியே இருந்தது. ஆறு வருடக் கணக்கு போனது. அவர் ஒன்றும் பேசாமல் அரிசி மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டார். அந்தக் காலை எனக்கு மறக்கவில்லை.

யாருடைய ஃபயர்வாலும் அன்று தோற்கவில்லை. எழுதியதை அது அப்படியே செய்தது. இதே வேலையை யாரும் எழுதாமலே செய்யும் ஒரு வசதியும் ரவுட்டர்களில் உண்டு. யுபிஎன்பி என்று பெயர். உள்ளே இருக்கும் கருவி கேட்டாலே ரவுட்டர் தானாகக் கதவைத் திறந்துவிடும். கடையில் அது அணைந்திருக்க வேண்டும். 2020 அக்டோபரில் சிங்கப்பூர் வீடுகளுக்குள் எடுத்த கேமராக் காட்சிகள் திருடப்பட்டு இணையத்தில் சுற்றிய செய்தி நினைவிருக்கும். அந்தச் செய்திக்குப் பிறகுதான் பல வீடுகளில் கேமராவின் கடவுச்சொல்லை முதன்முறையாக மாற்றினார்கள். 2021 ஏப்ரலில் இருந்து இங்கே விற்கும் வீட்டு ரவுட்டர்களுக்குக் குறைந்தபட்சப் பாதுகாப்பு விதிகளை அரசாங்கம் கட்டாயமாக்கியது. பெட்டிக்குப் பெட்டி வேறு வேறு கடவுச்சொல் என்பது அதில் ஒன்று. உங்கள் ரவுட்டர் அதற்கு முந்தையது என்றால் முதலில் அதை மாற்றுங்கள்.

விதிப் பட்டியலைப் பற்றி இரண்டு விஷயம் தெரிந்தால் போதும். ஒன்று, அது மேலிருந்து கீழே படிக்கப்படும். பெரும்பாலான பெட்டிகளில் முதலில் பொருந்தும் வரியே தீர்ப்பு. கீழே என்ன எழுதியிருந்தாலும் பயனில்லை. இரண்டு, கடைசி வரி எப்போதும் "மற்ற எல்லாவற்றையும் தடு" என்று இருக்க வேண்டும். ஆபத்தானதை ஒவ்வொன்றாகத் தடுத்துக்கொண்டே போனால் முடிவே கிடையாது. தேவையானதை மட்டும் எழுதிவிட்டு மிச்சத்தை மூடிவிடுவதுதான் சரியான வழி. தொழிலில் நாங்கள் பயப்படுவது "எனி எனி" வரிக்கு. யாரும் யாரோடும் எந்த போர்ட்டிலும் பேசலாம் என்று அர்த்தம். ஏதாவது மென்பொருள் வேலை செய்யாதபோது, ஃபயர்வால்தான் காரணமா என்று பார்க்க ஐந்து நிமிடத்துக்கு அந்த வரியைப் பட்டியலின் உச்சியில் போடுவார்கள். பிரச்சினை தீர்ந்ததும் சாப்பிடப் போய்விடுவார்கள். மூன்று வருடம் கழித்து நான் அதைப் பார்ப்பேன்.

வெளியே போவதைப் பற்றி யாருமே கேட்பதில்லை. உள்ளே வருவதைத் தடுத்தால் போதும் என்று நினைக்கிறார்கள். யோசித்துப் பாருங்கள். கடைப்பையன் மின்னஞ்சலில் வந்த ஒரு போலி இன்வாய்ஸைத் திறந்துவிட்டான். உள்ளே நுழைந்த மால்வேர், அதாவது தீங்கு செய்யும் மென்பொருள், முதலில் என்ன செய்யும்? தன்னை அனுப்பியவனோடு பேச வெளியே கிளம்பும்: உத்தரவு வாங்க, மற்ற கருவிகளை இறக்க, திருடியதை அனுப்ப. அந்த இணைப்பு உள்ளிருந்து கிளம்புவதால், நான் மேலே புகழ்ந்த அதே ஞாபக அட்டவணை அதை நல்லபடியாகக் குறித்துக்கொண்டு பதிலையும் உள்ளே விட்டுவிடும். இங்கேதான் வீட்டு ரவுட்டர் கை விரிக்கிறது. பில் கணினி எங்கெல்லாம் போக வேண்டும்? பில் மென்பொருளின் சர்வர், பணப் பரிவர்த்தனைச் சேவை, விண்டோஸ் அப்டேட், நேரம் சரிபார்க்கும் சர்வர். அவ்வளவுதான். அந்த நான்கைத் தவிர வேறு எங்கும் போகக்கூடாது என்று எழுதிவிட்டால், மால்வேர் வந்தாலும் ஊமையாகிவிடும். கேமராக்களுக்கு இணையமே தேவையில்லை. அவை பதிவுப் பெட்டியோடு பேசினால் போதும்.

கேமராக்களை இணையத்தில் விட்டால் நம்மோடு மட்டும் அது முடிவதில்லை என்பதும் இந்த ஊருக்குத் தெரிந்ததுதான். 2016இல் மிராய் என்ற நிரல் தொழிற்சாலைக் கடவுச்சொல்லோடு கிடந்த கேமராக்களையும் ரவுட்டர்களையும் 23ஆம் போர்ட் வழியாகப் பிடித்துப் படை திரட்டியது. அந்த அக்டோபர் 21இல் அமெரிக்காவின் பெரிய தளங்கள் முடங்கின. 22, 24 தேதிகளில் இங்கேயே ஒரு பெரிய இணையச் சேவையின் டிஎன்எஸ் சர்வர்கள் (தளத்தின் பெயரை ஐபி முகவரியாக மாற்றித் தருபவை) திணறி, பல வீடுகளில் இணையம் நின்றது. வாடிக்கையாளர்களின் சொந்தக் கருவிகளில் இருந்தே அந்த வெள்ளம் வந்ததாக நிறுவனம் சொன்னது.

இப்போது உங்கள் கடைசிக் கேள்வி: சுவர் இருந்தும் பெரிய இடங்கள் எப்படி விழுகின்றன? ஃபயர்வால் என்ற சொல்லிலேயே அதற்குப் பதில் இருக்கிறது. உங்கள் கடை இருக்கும் வரிசையைப் பாருங்கள். கடைவீடுகள் ஒட்டி ஒட்டி நிற்கின்றன, ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நடுவில் கனமான செங்கல் சுவர். ஒரு கடையில் தீப்பிடித்தால் அந்தக் கடையோடு நிற்கட்டும் என்பதற்கும் அந்தச் சுவர் உதவுகிறது. அப்படிப்பட்ட நடுச்சுவருக்குத்தான் ஆங்கிலத்தில் முதலில் ஃபயர்வால் என்று பெயர். அந்தச் சுவர் இல்லாத இடத்தில் என்ன நடக்கும் என்று 1961 மே 25இல் புக்கிட் ஹோ சுவீயில் இந்தத் தீவு பார்த்தது. அத்தாப்புக் கூரை வீடுகள், நடுவில் எதுவும் இல்லை. நான்கு பேர் இறந்தார்கள். சுமார் 16,000 பேர் வீடிழந்தார்கள். நெருப்பு ஒரு இடத்தில் பிடித்தது வேறு விஷயம். அது அவ்வளவு தூரம் ஓடியதற்குக் காரணம், நடுவில் நிறுத்த ஒன்றும் இல்லாததுதான்.

வலையமைப்புகளும் அப்படித்தான் எரிகின்றன. 2017 மே 12இல் பரவிய வானாகிரை என்ற, கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் நிரல், 445ஆம் போர்ட் வழியாகக் கணினிக்குக் கணினி தானாகவே தாவியது. அதற்கான விண்டோஸ் திருத்தம் மார்ச் 14ஆம் தேதியே வந்துவிட்டது, பலர் போடவில்லை. 150 நாடுகளில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட கணினிகள் சிக்கின. வெளிவாசலில் 445ஐ மூடியிருந்த நிறுவனங்களிலும், ஒரே ஒரு கணினி வேறு வழியில் தொற்றிக்கொண்டு உள்ளே வந்துவிட்டால் அங்கிருந்து எல்லாம் போயிற்று. பில் கணினிக்கும் கணக்குக் கணினிக்கும் நடுவில் 445 திறந்திருக்க எந்தக் காரணமும் இருந்திருக்காது. யாரும் மூடவில்லை, அவ்வளவுதான்.

சிங்ஹெல்த் என்ற பொது மருத்துவக் குழுமத்தில் நடந்த சம்பவத்தை நாம் எல்லோரும் மறக்கக்கூடாது. 2018 ஜூன் 27 முதல் ஜூலை 4 வரை 15 லட்சம் நோயாளிகளின் விவரங்கள் திருடப்பட்டன. 1,60,000 பேரின் மருந்து விவரங்களும் போயின. அப்போதைய பிரதமர் லீ சியன் லூங்கின் விவரங்களும் அதில் அடக்கம். விசாரணைக் குழுவின் அறிக்கை 2019 ஜனவரியில் வந்தது. திருடர்கள் முதல் கணினியில் நுழைந்தது 2017 ஆகஸ்டிலேயே. ஏறக்குறைய பத்து மாதம் உள்ளேயே நகர்ந்திருக்கிறார்கள். சிங்கப்பூர் பொது மருத்துவமனையில் ஊழியர்கள் மென்பொருளைத் தூரத்தில் இருந்து இயக்க உதவிய சிட்ரிக்ஸ் சர்வர்களுக்கும் நோயாளி விவரங்கள் இருந்த தரவுத்தளத்துக்கும் நடுவில் ஒரு இணைப்பு திறந்தே இருந்தது. அந்தப் பாதையில்தான் கடைசி அடியை எடுத்து வைத்தார்கள். அதை முறையாகச் சோதித்திருந்தால் ஆபத்து தெரிந்திருக்கும் என்று குழு சொன்னது. அந்த அறிக்கையைப் படித்தபோது எனக்கு மளிகைக்கடைதான் ஞாபகம் வந்தது. அளவு வேறு, கதை ஒன்றே. கடைசியில் ஜூலை 4ஆம் தேதி தரவுத்தளத்தில் வழக்கத்துக்கு மாறான தேடல்கள் ஓடுவதைக் கவனித்து நிறுத்தியது வேலையில் கண் வைத்திருந்த ஒரு ஊழியர்.

ஆக, உங்கள் கடையில் நான் செய்யச் சொல்வது உள்ளே சுவர் எழுப்புவது. ஒரே வலையமைப்பை நான்காகப் பிரிக்க வேண்டும்: பில் கணினிகள் ஒன்றில், மாடிக் கணினி ஒன்றில், கேமராவும் பதிவுப் பெட்டியும் ஒன்றில், வாடிக்கையாளர் வைஃபை ஒன்றில். தனித்தனியாக வயர் இழுக்க வேண்டாம். விலான் என்ற வசதி உள்ள ரவுட்டரும் சுவிட்சும் இருந்தால் ஒரே வயரிலேயே பிரிக்கலாம். வாடிக்கையாளர் வைஃபையில் இருந்து இணையத்துக்கு மட்டும் வழி. உள்ளே எதற்கும் வழி இல்லை. மாடியில் இருந்து கேமராப் பதிவைப் பார்க்கலாம். கேமராவில் இருந்து மாடிக்கு வர முடியாது. ஊரில் இருந்து கடையைப் பார்க்க வேண்டும் என்றால் போர்ட் திறக்க வேண்டாம். முதலில் விபிஎன் என்ற பூட்டிய தனிப் பாதை வழியாகக் கடைக்குள் வந்து, பிறகு கேமராவைப் பாருங்கள்.

3,000 வெள்ளிப் பெட்டிக்காரர் இன்னொன்றும் சொல்லியிருப்பார்: இது உள்ளடக்கத்தையே பிரித்துப் பார்க்கும் என்று. உண்மைதான். புதிய தலைமுறைப் பெட்டிகள் உறையோடு நிற்காமல் உள்ளே இருப்பதையும் படித்து, இது கோப்புப் பகிர்வு, இது தெரிந்த தாக்குதலின் தடம் என்று அடையாளம் காணும். ஆனால் இன்று இணையப் போக்குவரத்தில் பெரும்பகுதி மறையாக்கத்தில், அதாவது மற்றவர் படிக்க முடியாத வடிவில், போகிறது. உறையைப் பிரித்தாலும் படிக்க முடியாது. படிக்க வேண்டும் என்றால் பெட்டி நடுவில் உட்கார்ந்து பூட்டைத் திறந்து பார்த்து மறுபடி பூட்ட வேண்டும். அதற்கு ஒவ்வொரு கணினியிலும் ஒரு சான்றிதழை நிறுவ வேண்டும், வங்கித் தளங்களை விலக்க வேண்டும், சரியாகப் பராமரிக்க ஆள் வேண்டும். முந்நூறு பேர் வேலை செய்யும் நிறுவனத்துக்கு அது அர்த்தமுள்ளது. உங்கள் கடைக்கு அந்தப் பணத்தில் நல்ல பேக்கப் வாங்கிவிடலாம்.

ஃபயர்வால் தொடவே முடியாத ஆபத்துகளும் உண்டு. 2021 டிசம்பரில் ஒரு வங்கியின் பெயரில் வந்த போலிக் குறுஞ்செய்திகளை நம்பி ஏறக்குறைய 790 பேர் 1.37 கோடி வெள்ளி இழந்தார்கள். யாருடைய வலையமைப்புக்குள்ளும் யாரும் நுழையவில்லை. சாவியை வாங்கிக்கொண்டு முன்வாசல் வழியாகப் போனார்கள்.

காவல்காரனே விலை போவதும் உண்டு. 2025 ஜூலை 18இல் அமைச்சர் கா. சண்முகம், யுஎன்சி3886 என்ற குழு நம் நாட்டின் முக்கியக் கட்டமைப்புகளைத் தாக்கிக்கொண்டிருப்பதாகப் பெயர் சொல்லியே அறிவித்தார். ஃபயர்வால், ரவுட்டர் மாதிரி வாசலில் நிற்கும் கருவிகளில் இருக்கும் குறைகளைத் தேடிப் பிடிப்பதில் கைதேர்ந்தவர்கள் என்று உலக அளவில் அறியப்பட்ட குழு அது. அப்படிப்பட்டவர்கள் துணிக்கடைக்கு வரப்போவதில்லை. ஆனால் அந்தக் குறைகள் வெளியே தெரிந்த பிறகு சாதாரணத் திருடனும் அவற்றைப் பயன்படுத்துவான். அதனால் பெட்டிக்குள் ஓடும் மென்பொருளான ஃபர்ம்வேருக்குப் புதுப்பிப்பு வந்த உடனே அதைப் போட வேண்டும். பெட்டியை நிர்வகிக்கும் பக்கம் இணையத்தில் இருந்து ஒருபோதும் தெரியக்கூடாது.

விண்டோஸில் இருக்கும் ஃபயர்வாலை அணைக்காதீர்கள். அது அந்தக் கணினியின் சொந்தக் கதவு. 2003 ஆகஸ்டில் பிளாஸ்டர் புழு வந்தபோது விண்டோஸ் எக்ஸ்பியில் ஃபயர்வால் இருந்தது, ஆனால் இயக்கத்தில் இல்லை. 2004 ஆகஸ்டில் வந்த இரண்டாம் சர்வீஸ் பேக்கில்தான் அதை முன்னிருப்பாகவே இயக்கினார்கள். மடிக்கணினியை வெளியே எடுத்துப்போய் கடைத்தொகுதியில் பொது வைஃபையில் இணைத்தால், இது பொது நெட்வொர்க்கா தனியார் நெட்வொர்க்கா என்று விண்டோஸ் பிரித்துப் பார்க்கும். பொது என்றே வையுங்கள். மற்றவர்கள் உங்கள் கோப்புப் பகிர்வை எட்ட முடியாது.

பெட்டிக்காரர் அடுத்த முறை வரும்போது மூன்றைக் கேளுங்கள். விதிப் பட்டியலை எனக்குப் புரியும்படி ஒரு தாளில் எழுதித் தருவீர்களா, ஒவ்வொரு வரிக்கும் காரணத்தோடு? ஃபர்ம்வேரை யார் புதுப்பிப்பார், வருடச் சந்தா முடிந்தால் பெட்டி என்ன ஆகும்? வருடத்துக்கு ஒரு முறை வந்து தேவையில்லாத வரிகளை நீக்கித் தருவீர்களா? மூன்றுக்கும் தெளிவான பதில் வந்தால் அவரிடமே சின்னப் பெட்டி ஒன்றை வாங்குங்கள், அமைக்க அரை நாள் கூலி கொடுங்கள். தயங்கினால் வேறு ஆளைப் பாருங்கள்.

அதற்கு முன்னால் இன்று இரவு கடை மூடியதும் ரவுட்டர் பக்கத்தைத் திறந்து, போர்ட் ஃபார்வர்டிங் என்று இருக்கும் இடத்துக்குப் போங்கள். ஒன்றும் இல்லை என்றால் நல்லது. ஏதாவது வரி இருந்தால் முதலில் அதைக் கைத்தொலைபேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள், பிறகு அணையுங்கள். இரண்டு நாள் பாருங்கள். எது நின்றுபோகிறதோ, அந்தக் கருவிக்காகத்தான் உங்கள் கதவு இத்தனை நாள் திறந்திருந்தது. அது எந்தக் கருவி என்று எனக்குச் சொல்லுங்கள். கதவைத் திறக்காமல் அதை எப்படி ஓட்டுவது என்று பார்த்துச் சொல்கிறேன்.